கடை எப்போது திறக்கும், எங்கே இருக்கலாம்? டாஸ்மாக் பற்றி வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நான் மனு எழுதிக் கொடுப்பவன். திங்கட்கிழமை காலையில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்திருந்தால் என்னைப் போல நாலைந்து பேரை மரத்தடியில் பார்த்திருப்பீர்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று வரும் காகிதங்களுக்கு நடுவே ‘எங்கள் ஊர் டாஸ்மாக் கடையை வேறு இடத்துக்கு மாற்றித் தரவும்’ என்று ஒன்று எப்படியும் வந்துவிடும். எழுதும்போது ஆட்கள் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். வேடிக்கை என்னவென்றால், குடிக்கிறவர் கேட்பதும் கடையை மூடச் சொல்கிறவர் கேட்பதும் பாதிக்குப் பாதி ஒன்று. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகப் பிரிந்து போனாலும், இதில் சொல்வது மூன்று மாவட்டத்துக்கும் பொருந்தும்.

கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும்?

பகல் 12 முதல் இரவு 10 வரை. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. 2016 மே மாதம் வரை காலை 10 மணிக்கே திறந்துகொண்டிருந்தார்கள். அந்த மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற அன்றே நேரத்தைக் குறைத்தும், 500 கடைகளை மூடச் சொல்லியும் கையெழுத்துப் போட்டார். 2017இல் இன்னொரு 500, 2023 ஜூனில் மேலும் 500 என்று கடைகளின் எண்ணிக்கை குறைந்தது. நேரம் மட்டும் 2016இல் வைத்த 12 மணியிலேயே நிற்கிறது.

அப்படியானால் விடிகாலையில் சிலர் கையில் எப்படிப் பாட்டில் இருக்கிறது?

சந்துக்கடை. முந்தின இரவே கடையில் மொத்தமாக வாங்கி வைத்து, மூடிய நேரத்தில் குவாட்டருக்கு இவ்வளவு என்று கூடுதல் விலை வைத்து வீட்டிலோ முள்ளுக்காட்டிலோ விற்பது. பாட்டில் அரசு பாட்டில்தான், போலி இல்லை. ஆனாலும் விற்பது குற்றம். உரிமம் இல்லாத யார் விற்றாலும் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும். காந்தி ஜெயந்தி அன்று செய்தித்தாளில் ‘பதுக்கி விற்றவர் கைது’ என்று வருகிறதே, அதெல்லாம் இந்த வகை. தகவல் சொல்ல மதுவிலக்குப் போலீஸின் கட்டணமில்லா எண் 10581.

சட்டத்தின் பெயரோ மதுவிலக்குச் சட்டம். கடை நடத்துவதோ அரசு. இது என்ன கூத்து?

இதை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். ஆனால் மனு எழுதுகிறவனுக்கு இதுதான் அடிப்படைக் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்றைக்கும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்தான். அதன்படி மது காய்ச்சுவது, விற்பது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது எல்லாமே தடை. அந்தத் தடையிலிருந்து யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் விலக்கு என்று உரிமமும் விதிகளும் சொல்கின்றன. அதாவது மது விற்பது இங்கே யாருக்கும் உரிமை கிடையாது; அரசு கொடுத்த சலுகை. டாஸ்மாக் எனப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. அதுவரையிலும், அதற்கப்புறம் இருபது ஆண்டுகளும் சில்லறைக் கடைகளைத் தனியார்தான் ஏலம் எடுத்து நடத்தினார்கள். சட்டத்தைத் திருத்தி, 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்குக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கடை எங்கே இருக்கலாம், யாருக்கு விற்கக் கூடாது என்பதெல்லாம் அதே 2003ஆம் ஆண்டில் வந்த சில்லறை விற்பனை விதிகளில் இருக்கிறது.

இதில் உங்களுக்கு என்ன பயன் என்றால், கடைக்கு எதிராக மனு எழுதும்போது ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று நாலு பக்கம் எழுத வேண்டியதில்லை. சட்டமே அதை ஒப்புக்கொண்டுவிட்டது, பாட்டிலிலேயே அச்சடித்தும் விட்டது. எந்த விதியை அந்தக் கடை மீறுகிறது என்பதைத்தான் எழுத வேண்டும்.

வடாற்காட்டில்தான் மதுவிலக்கு முதலில் வந்தது என்று தாத்தா சொல்வார். உண்மையா?

நம் வேலூர் அன்று இருந்த வடாற்காடு மாவட்டம் முதலில் இல்லை, முதல் நாலில் ஒன்று. ராஜாஜி பிரதமராக இருந்தபோது (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொன்னார்கள்) 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் தொடங்கினார். 1938இல் சித்தூரும் கடப்பையும். 1939இல் வடாற்காடு. போகிற வருமானத்தை ஈடுகட்ட அதே 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார்கள். மளிகைக் கடையில் இன்று ஜி.எஸ்.டி. போட்டுத் தருகிற பில்லுக்கு மூதாதை எங்கே என்று தேடினால் பாதை சாராயக்கடைக்குத்தான் போகிறது. வடாற்காட்டில் மதுவிலக்கு வந்த அதே மாதக் கடைசியில் போர் விவகாரத்தில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கு கிடப்பில் போனது. பிறகு படிப்படியாக 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு அதைத் தள்ளி வைத்தது. சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் 1973, 1974ஆம் ஆண்டுகளில் அவர்களே மூடினார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். இரண்டையும் திறந்தார், 1987 ஜனவரி 1 முதல் அவரே மூடினார். 1990இல் மலிவு விலை மது வந்தது. 1991 ஜூலையில் ஜெயலலிதா அதை ஒழித்தார். திறப்பதும் மூடுவதும் புதிதல்ல என்று சொல்லத்தான் இத்தனை ஆண்டுகளையும் எழுதினேன்.

தாத்தா சொன்னதில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சித்தூரில் 1938இல் கடையை மூடியபோது வடாற்காட்டில் கடை திறந்திருந்தது. முழுதாக ஒரு வருஷம், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பக்கம் வழி இருந்தது. 1911 வரை சித்தூர் நம் வடாற்காட்டின் தலைநகராக இருந்த ஊர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்தூர் போய் நாலு பாட்டில் வாங்கி வந்தால் தப்பா?

காட்பாடிக்காரர்களும் குடியாத்தத்துக்காரர்களும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். தப்பு. வரி கட்டிய பாட்டில்தானே, பில் இருக்கிறதே என்பார்கள். வரி கட்டியது ஆந்திரத்துக்கு. இங்கே அது ‘வெளிமாநில மது’. கிறிஸ்டியான்பேட்டை, பரதராமி, பேரணாம்பட்டுக்கு மேலே பத்தலப்பல்லி என்று எல்லைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் போகும். மதுவிலக்கு வழக்கில் பறிமுதல் செய்த டூவீலர்களைப் போலீஸ் அவ்வப்போது ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல, நாலு பாட்டிலுக்காகப் போனவைதான். கர்நாடகத்திலிருந்து வரும் அட்டைப் பாக்கெட் மதுவுக்கும் இதே கதி.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்றால், நேரமும் விலையும் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு. 2024 அக்டோபர் 16 முதல் ஆந்திரத்தில் தனியார் கடைகள் வந்தன. காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், 99 ரூபாய்க்குக் குவாட்டர் உண்டு. நம் கடை 12 மணிக்கு. ஆக, ஒரே பேச்சும் ஒரே சொந்தபந்தமும் உள்ள ஊர்களில் தினமும் இரண்டு மணி நேரம் ஒரு பக்கம் திறந்தும் ஒரு பக்கம் மூடியும் கிடக்கிறது.

எப்போதும் இப்படி ஒரே திசையில் ஓடியதும் இல்லை. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் ஆந்திரத்தில் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். 1997இல் சந்திரபாபு நாயுடு எடுத்தார். அந்த இரண்டு ஆண்டும் கடை இருந்தது நம் பக்கம்தான். 2019 அக்டோபரில் ஜெகன்மோகன் அரசு கடைகளைத் தன் கைக்கு எடுத்து, 2020 மே மாதத்தில் விலையைச் சட்டென்று 75 விழுக்காடு ஏற்றியது. அப்போதும் பாட்டில் இங்கிருந்து அங்கே போனது. அதே 2020 மே மாதம் ஊரடங்கில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆந்திரமும் கர்நாடகமும் 4ஆம் தேதி கடையைத் திறந்துவிட்டன. நம் ஆட்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்பதையே காரணமாகச் சொல்லி, தமிழ்நாடு 7ஆம் தேதி திறந்தது.

நேரக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தஞ்சாவூருக்கு இருக்கிற நேரக் கட்டுப்பாடும் காட்பாடிக்கு இருக்கிற நேரக் கட்டுப்பாடும் காகிதத்தில் மட்டும்தான் ஒன்று என்கிறேன்.

எந்தெந்த நாள் கடை கிடையாது?

ஆண்டுக்கு எட்டு நாள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி. வள்ளலார் நினைவு நாள் தைப்பூசத்தோடு வரும். மிலாடி நபி பிறை பார்த்து மாறும், அதனால் கலெக்டர் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் தினம் என்பது மாட்டுப் பொங்கல் அன்றுதான். பொங்கலுக்குக் கடை உண்டு, மறுநாள் இல்லை என்பதால் பொங்கல் அன்று மாலை கடை வாசலில் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி இந்தப் பட்டியலில் இல்லை.

அந்த நாட்களில் டாஸ்மாக் கடை மட்டுமல்ல. ஒட்டியுள்ள பார், ஓட்டல் பார், கிளப் எல்லாமே மூட வேண்டும்.

தேர்தலுக்கு எத்தனை நாள்?

வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம், அப்புறம் வாக்கு எண்ணும் நாள். அந்த 48 மணி நேரம் மாநிலச் சட்டம் இல்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 135சி. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து மாநிலத்தில் தேர்தல் என்றாலும் எல்லையோரக் கடைகளை மூடச் சொல்வார்கள். சித்தூர்ப் பக்கம் தேர்தல் வந்தால் நம்மூர்க் கடை மூடியிருப்பது அதனால்தான்.

வேலூருக்கு இதில் தனிப் பெருமை ஒன்று உண்டு. 2019இல் பணப் பட்டுவாடா புகாரால் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு நம் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்கள். மாநிலம் முழுக்க ஏப்ரலில் மூடிய கடையோடு நம் கடையும் மூடியிருந்தது. பிறகு ஆகஸ்ட் 5 அன்று நமக்கு மட்டும் தேர்தல் நடந்தபோது மறுபடி மூடினார்கள். ஒரே தேர்தலுக்கு இரண்டு தடவை வாய் காய்ந்த தொகுதி என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

திருவிழாவுக்கு மூடுவார்களா?

தானாக மூட மாட்டார்கள். சட்டம் ஒழுங்கு காரணம் சொல்லிக் கலெக்டர் உத்தரவிடலாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரி கூட்டம் நெருக்கும் விழா, விநாயகர் சிலை ஊர்வலம் இவற்றுக்கு அந்தந்தப் பகுதிக் கடைகளை மட்டும் மூடச் சொல்வது உண்டு. உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வேண்டுமென்றால் விழாக் குழு முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். தேர் கிளம்பும் காலையில் வந்து என்னிடம் எழுதித் தரச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்.

எனக்கு 19 வயது, காலேஜில் படிக்கிறேன். வாங்கலாமா?

முடியாது. 21 நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுப் போடுகிற வயது, லைசென்ஸ் எடுக்கிற வயது எல்லாம் வேறு. வடக்கே இருந்தும் வடகிழக்கிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகள் எங்கள் ஊரில் 18 என்றோ 25 என்றோ சொல்வார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு வயது. நிற்கிற மண்ணின் சட்டம்தான் செல்லும். வயதில் சந்தேகப்பட்டு ஆதாரைக் கேட்டால் காட்ட வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வைக்கலாமா?

இதுதான் நான் அதிகம் எழுதிய மனு. விதி இப்படி: மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் இரண்டிலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். அதாவது வேலூர் மாநகராட்சிக்கும் குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிகளுக்கும் 50. ஒடுகத்தூர், பள்ளிகொண்டா போன்ற பேரூராட்சிகளுக்கும் எல்லாக் கிராமங்களுக்கும் 100.

50 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் தெரியுமா? பஸ் ஸ்டாண்டில் நாலு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் முடிந்துவிடும். மணி அடித்து வெளியே வரும் பிள்ளை கடை வாசலைப் பார்க்காமல் போக இந்தத் தூரம் போதாது என்பது என் கருத்து.

மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுவது வழிபாட்டுத் தலத்தையும் கல்வி நிலையத்தையும்தான். குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பஸ் நிறுத்தம், பெண்கள் தண்ணீர் பிடிக்கிற குழாயடி எதுவும் அதில் இல்லை. வருகிற மனுவில் பாதி இவற்றைச் சொல்லித்தான் வருகிறது. இரண்டாவது, நகரமைப்புத் துறை வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடங்களுக்கு இந்தத் தூரக் கணக்குப் பொருந்தாது. மூன்றாவது, கடை முதலில் வந்து கோயிலோ பள்ளியோ பிறகு வந்திருந்தால் விதி கைகொடுக்காது. கடையைக் கிளப்ப ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையாரை வைத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேண்டாம், பிள்ளையாருக்குத்தான் சங்கடம்.

ஹைவே ஓரத்தில் கடை இருக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதே, அது என்ன ஆயிற்று?

2016 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு. தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்குதான் நாடு முழுவதற்குமான தீர்ப்பாக ஆனது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது, 2017 ஏப்ரல் 1 முதல். கடைசி நேரத்தில், 20,000 பேருக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று தளர்த்தினார்கள்.

தமிழ்நாட்டில் ஒரே நாளில் 3,000 கடைகளுக்கு மேல் மூடின. சென்னை - பெங்களூர் ரோடு ஊரை அறுத்துக்கொண்டு போகிற நம் மாவட்டத்தில் எத்தனை இடத்தில் ஷட்டர் இறங்கியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மூடிய கடைகள் எங்கே போயின? ஊருக்குள்ளே. குடியிருப்புக்குள் புதுக்கடை வருகிறது என்று அந்த ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். விபத்தைக் குறைக்கத்தான் தீர்ப்பு; நல்ல நோக்கம். ரோட்டிலிருந்து தள்ளிய கடை எங்கே போய் விழும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

அப்புறம் 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமம் பெற்ற கடைகளை இந்தத் தீர்ப்பு தடுக்காது என்று அதே கோர்ட் விளக்கம் கொடுத்தது. ஆகவே வேலூர் மாநகராட்சிக்குள் ஹைவே ஓரத்தில் கடையைப் பார்த்தால் அதை மட்டும் வைத்துச் சட்ட மீறல் என்று எழுத முடியாது. ஊராட்சிப் பகுதி என்றால் 500 அல்லது 220 கணக்கைப் பார்க்கலாம்.

சரி, கடையை மாற்றச் சொல்லி எப்படி மனு எழுதுவது?

கலெக்டருக்கு எழுதுங்கள். நகலை டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் கலால் உதவி ஆணையருக்கும் அனுப்புங்கள். கடை எண் கட்டாயம் வேண்டும், போர்டிலேயே இருக்கும். எந்தப் பள்ளி அல்லது கோயில், அது எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, கடை எப்போது வந்தது, வாசலிலிருந்து வாசலுக்கு நடக்கிற வழியில் எத்தனை மீட்டர், நேர்கோட்டில் எத்தனை மீட்டர் என்று இரண்டு தூரத்தையும் எழுதுங்கள். கடைசியில் அளக்கப் போவது சர்வேயர்தான், ஆனால் உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். பகலில் எடுத்த போட்டோ இரண்டு போதும். கையெழுத்து 200 பேர் போட்டால் நல்லது; அதில் பள்ளித் தலைமையாசிரியரோ கோயில் தர்மகர்த்தாவோ இருந்தால் இன்னும் நல்லது. ஏற்புச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

கிராமசபைத் தீர்மானம் போட்டால் கடை தானாக மூடிவிடுமா என்று கேட்பார்கள். தானாக மூடாது. ஆனால் மனுவோடு அதை இணைத்தால் கனம் கூடும், கோர்ட்டுக்குப் போனாலும் உதவும். ஆண்டுக்கு ஆறு கிராமசபையில் நாலு (ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2) கடை மூடிய நாளில் வருகின்றன. கடையைப் பற்றி ஊர் கூடிப் பேசுகிற அன்று கடை அமைதியாகப் பூட்டியிருக்கும். கேட்க வருகிற அதிகாரி கடைத்தெரு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. மார்ச் 22, நவம்பர் 1 கூட்டங்களில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லி நான் பரிந்துரைப்பது அதனால்தான்.

கல்யாண மண்டபத்தில் பரிமாறலாமா?

கூடாது. 2023இல் மண்டபங்களுக்கும் சிறப்பு உரிமம் தரலாம் என்று அரசு விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலிலேயே மண்டபத்தை எடுத்துவிட்டு, மாநாட்டு அரங்கு, பெரிய விளையாட்டுப் போட்டி என்று சுருக்கிக்கொண்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் காருக்குள் நடப்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

மிலிட்டரி சரக்கை வாங்கலாமா?

நம் மாவட்டத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். முன்னாள் ராணுவத்தினருக்குக் கேன்டீனில் மாத அளவு உண்டு. அது அவர் சொந்த உபயோகத்துக்கு. அதை அவர் உங்களுக்கு விற்றால் அவருக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு. அவருக்குக் கேன்டீன் அட்டையும் போகும்.

ஆன்லைனில் ஆர்டர் செய்யலாமா?

தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் முறை கிடையாது. 2020 மே 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடி ஆன்லைனில் மட்டும் விற்கலாம் என்றது. ஒரு வாரத்தில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்தது. ‘டாஸ்மாக் ஹோம் டெலிவரி’ என்று போனில் முன்பணம் கேட்டால் மோசடி.

கள் குடிக்கலாமா? ஆந்திரப் பக்கம் விற்கிறார்களே.

அந்தப் பக்கம் கள்ளுக்கு உரிமம் உண்டு. இங்கே 1987 முதல் இல்லை. பதநீருக்குத் தடை இல்லை. இரண்டும் ஒரே பாளையில் ஊறுவதுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீர், தடவாவிட்டால் கள். மாநில மரம் என்று பனையை வைத்துக்கொண்டு, ஒரு கை சுண்ணாம்பில் குற்றத்தையும் குற்றமின்மையையும் பிரிக்கிற சட்டம். பரதராமிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், “ஏன் நைனா, பாட்டில்ல இருந்தா சரி, பானையில இருந்தா தப்பா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மலைச் சாராயம் சுத்தமானது, கடைச் சரக்கைவிட நல்லது என்கிறார்களே?

அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் அல்லேரி மலை, பேரணாம்பட்டுப் பக்கம் சாத்கர் மலை என்று போலீஸ் ஊறலைக் கொட்டி அழிக்கிற செய்தி அடிக்கடி வரும். வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை போட்டு ஊறவைத்துக் காய்ச்சி, லாரி டியூபில் கட்டி இறக்குவார்கள். ‘இயற்கைப் பொருள்தானே’ என்ற நம்பிக்கை இதனால்தான்.

கையில் வருகிற பாக்கெட்டில் மலையிலிருந்து வந்தது மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? நடுவில் ஒருவர் போதைக்காக மெத்தனால் கலந்தால் முடிந்தது. அது ஆலைகளுக்குப் போகிற சாராயம். குடிக்கிற சாராயத்தைப் போலவே நிறமும் வாசனையும். உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண், அப்புறம் உயிர். அந்த மாற்றத்துக்கு நேரம் பிடிப்பதால் குடித்த அன்று ஒன்றும் தெரியாமல், மறுநாள் காலையில் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். ‘ஹேங்ஓவர்’ என்று படுக்க விடாதீர்கள். மோர், எலுமிச்சை என்று நேரத்தைக் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முறிவு மருந்தும் டயாலிசிஸும் வேண்டியிருக்கும். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸ் ஆகிவிடும் என்று மறைத்ததால் போன உயிர்கள் உண்டு.

2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி, இரண்டிலும் மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே மாதம் சட்டப்பேரவை சட்டத்தைத் திருத்தியது: கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். இது போக குண்டர் சட்டத்திலும் போடலாம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. மறுபடி மாட்டினால் 15,000, இரண்டு வருஷம். ‘ஒரு பீர்தான் சார்’ என்பது ஊதுகிற மெஷினுக்குப் புரியாது.

காலிப் பாட்டிலைக் கொடுத்தால் காசு தருவார்களாமே?

தருவார்கள், ஆனால் அது உங்கள் காசுதான். வாங்கும்போது கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது தருவார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2022இல் நீலகிரியில் தொடங்கியது. அப்புறம் மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும், பாட்டில் உடையாமல் இருக்க வேண்டும். பாலாற்று மணலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு இந்தத் திட்டம் ஏன் வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.